ஊர்ப்பெயர் மறவாத மீன்



படிநிலை ஒன்று அறிவியல் பாடத்தில் விலங்குகளின் இனப்பெருக்கத்தைக் கற்பிக்கும்போது வெண்பலகையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறோம். கோழி, ஆமை, தவளை, மீன் ஆகியன முட்டையிடும் பக்கம். பசு, பூனை, முயல் ஆகியன குட்டி ஈனும் பக்கம். 'மீன்' என்ற சொல்லை எழுதி முடிக்கும் முன்னரே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்: "டீச்சர், எங்க வீட்டு கப்பி குட்டி போட்டுச்சு!" ஆண்டுதோறும் எழும் குரல் அது. அந்த மாணவன் கூறுவது முற்றிலும் உண்மை. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் என்று நம் கடைகளில் நெகிழிப் பைகளில் தொங்கும் சின்னஞ்சிறு மீன்களில் பல முட்டையிடுவதில்லை. உயிருள்ள குஞ்சுகளையே ஈனுகின்றன. அவற்றுள் பலவற்றின் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த நாடுகளும் ஆகும்.

அம்மாணவனுக்கு விடை கூற வேண்டி நான் படிக்கத் தொடங்கியது ஒரு பக்கம். படித்தது பல நூறு பக்கம். மெக்சிகோ நாட்டு ஓடைகளில் குட்டி ஈனும் மீன்களை யார் கண்டெடுத்தார், யார் காத்து வளர்த்தார், அவற்றுள் ஒன்று எவ்வாறு தன் சொந்த ஊருக்கே திரும்பிச் சென்றது என்னும் வரலாற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். நம் செர்காம் ஓடைகளுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. அதனைப் பின்னர் காண்போம்.

முதலில் கடைகளில் எல்லாரும் அறிந்த வாள்வால் மீனை எடுத்துக்கொள்வோம். 'சுவோர்ட்டெயில்' என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். 1845-ஆம் ஆண்டு மெக்சிகோவுக்குப் பயணப்பட்ட ஆஸ்திரிய இயற்கை ஆய்வாளர் கார்ல் ஹெல்லர், வெராகுரூஸ் மாநிலத்து ஒரிசாபா பகுதி ஓடையில் இம்மீனைப் பிடித்தார். வியன்னா நகரில் மீன்களை ஆராய்ந்து வந்த யோகான் யாக்கோப் ஹெக்கெல் 1848-இல் அதனை விரித்தெழுதி, பிடித்தவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். இனப்பெயரின் பொருள் 'வாளேந்தி' என்பதாம். அந்த வாள் ஆண்மீனின் நீண்ட வாலைக் குறிப்பதாகவே நாம் அனைவரும் எண்ணுவோம். உண்மையில் அது குறிப்பது வாலை அன்று. ஆண்மீனின் வயிற்றுப் பக்கத்தில் இனச்சேர்க்கைக்கென உருமாறியிருக்கும் கூரிய துடுப்பையே குறிக்கிறது.

இதில் கருத வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. ஹெல்லர் பிடித்த மீன் பச்சை நிறத்தது. பக்கவாட்டில் ஒரு செங்கோடு மட்டும் ஓடும். கடையில் நாம் காணும் செக்கச் சிவந்த வாள்வால் மீன் எந்த ஓடையிலும் பிறந்ததன்று. பிளாட்டி மீனோடு கலந்து, நிறத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து மனிதர் உருவாக்கியது அது. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் "உன் ஊர் எது?" என்று கேட்டால் அதனால் விடை சொல்ல இயலாது.

ஊர் சொல்லக்கூடிய மீன்களை வளர்த்தவர்களும் இருந்தனர். அமெரிக்காவைச் சேர்ந்த மைரன் கோர்டன் என்னும் மரபியல் அறிஞர் அவர்களுள் முதன்மையானவர். பிளாட்டியையும் வாள்வாலையும் கலந்தால் பிறக்கும் சில குஞ்சுகளின் உடலில் கரும்புள்ளிகள் புற்றாக வளர்வதை 1920-களில் அவரும், செருமானிய நாட்டில் வேறு சிலரும் தனித்தனியே கண்டறிந்தனர். புற்றுநோய் மரபுவழி எவ்வாறு தோன்றுகிறது என்பதை ஆராய இச்சிறு மீன் பெருந்துணை ஆயிற்று. கடை மீன் இவ்வாய்வுக்கு உதவாது. காட்டு மீனே வேண்டும் என்பதால் கோர்டன் 1930-களில் மெக்சிகோ ஆறுகளைத் தேடிச் சென்று பிடித்து வந்தார். எந்த ஆற்றில், எந்த ஆண்டில் பிடித்தது என்பதை ஒவ்வொரு தொட்டிக்கும் எழுதி வைத்தார். 1939-இல் ஜமாபா ஆற்றில் பிடித்த பிளாட்டிகளின் வழித்தோன்றல்கள் ஆற்றின் பெயரைத் தாங்கியபடியே நூறு தலைமுறைக்கு மேல் தொட்டிகளில் வாழ்ந்தன. 2013-இல் பிளாட்டியின் முழு மரபணுத் தொகுதியையும் அறிஞர்கள் வாசித்து வெளியிட்டபோது, வாசிக்கப்பட்டது அந்த ஜமாபா வழியில் வந்த மீன்தான். கோர்டன் தொடங்கிய அச்சேகரிப்பு பிற்காலத்தில் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. ஆள் மறைந்தார், கட்டடம் மாறியது, ஆற்றின் பெயர் மாறவில்லை. நம் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகி, பள்ளியும் வேறிடம் பெயர்ந்த பின்னரும் பெயர்ப்பலகையில் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்றே இருப்பதைக் காண்கிறோம் அல்லவா? அது போன்றதே இதுவும்.

இனி, நான் சொல்ல வந்த மீனுக்கு வருகிறேன்.

மெக்சிகோவின் நடுப்பகுதி உயர்ந்த மேட்டுநிலம். அங்குள்ள ஊற்றுகளிலும் ஏரிகளிலும் 'கூடெயிட்' என்னும் மீன் குடும்பம் வாழ்கிறது. அமெரிக்க மீனியல் அறிஞர் ஜார்ஜ் பிரவுன் கூட் என்பாரின் நினைவாக வந்த பெயர் அது. அங்கே ஏறத்தாழ 40 வகைகள் உள. கப்பியின் வயிற்றில் வளரும் கரு பெரும்பாலும் முட்டைக்குள் இருக்கும் மஞ்சட்கருவை உண்டே வளர்கிறது. கூடெயிட் குஞ்சோ அவ்வாறன்று. அதன் பின்குடலிலிருந்து நாடா போன்ற மெல்லிய இழைகள் வெளியே நீண்டு, தாயின் உடலிலிருந்தே ஊட்டத்தை உறிஞ்சுகின்றன. நம் தொப்புள்கொடிக்கு ஒப்பிடலாம். முழு ஒப்புமை இல்லை என்றாலும் வகுப்பில் விளக்க உதவும். பிறந்த குஞ்சின் அடிவயிற்றில் அவ்விழைகளின் எச்சம் சில நாள் வரை தெரியும். பலநூறு முட்டைகளை இட்டுவிட்டு நீந்திச் செல்லும் மீன்களைப் போலன்றி, இத்தாய் குறைவான எண்ணிக்கையில் நன்கு வளர்ந்த குஞ்சுகளை ஈனுகிறது. இதனாலேயே ஓர் ஊற்று கெட்டுப்போனால் இவ்வினம் விரைவில் மீள்வதில்லை.

ஹலீஸ்கோ மாநிலத்தில் தெக்கீலா என்னும் எரிமலை இருக்கிறது. (மதுவின் பெயரைப் பள்ளி வலைப்பதிவில் எழுதலாமா என்று பெற்றோர் முகம் சுளிக்க வேண்டா, ஊரின் பெயரைத்தான் மது எடுத்துக்கொண்டது!) அம்மலையடிவாரத்தில் தெவுச்சித்லான் என்னும் சிற்றூர். வட்ட வடிவப் பழங்காலப் படிக்கோயில்களால் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூரின் ஊற்றுகளில் பிறந்து, சிறிது தொலைவு ஓடி, கீழே உள்ள நீர்த்தேக்கத்தில் கலந்துவிடுகிறது தெவுச்சித்லான் ஆறு. அந்தக் குறுகிய ஆறே உலகமாக வாழ்ந்தது ஒரு மீன். பெரியவர் ஒருவரின் விரல் நீளத்தைத் தாண்டாது; ஆண்மீனின் வாலோரத்தில் செம்மஞ்சள் பட்டை ஒன்று பளிச்சிடும். 1998-இல் வெப், மில்லர் என்னும் இரு அறிஞர்கள் இதனைத் தனி இனமாக உலகுக்கு அறிவித்து, எரிமலையின் பெயரால் தெக்கீலா மீன் என்று பெயரிட்டனர். மில்லர் மெக்சிகோ நன்னீர் மீன்களைத் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர்.

பெயர் சூட்டு விழா நடந்தபோது பிள்ளை வீட்டில் இல்லை. ஆற்றில் தேடியவர்களுக்கு மீன் அகப்படவில்லை. கழிவு கலந்தது, அணை நீரோட்டத்தை மாற்றியது, ஊற்று நீர் உறிஞ்சப்பட்டது, திலாப்பியாவும் கெண்டையும் பிற அயல் மீன்களும் வந்து சேர்ந்தன. இவற்றுள் எது எவ்வளவு தீங்கு செய்தது என்று பிரித்துக் கூறுவது கடினம். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு சிறு ஊற்றுக்குட்டையில் எஞ்சியிருந்த சில மீன்கள் கண்டறியப்பட்டன, ஆற்றில் இல்லை.

ஆற்றில் இல்லாத மீன் எங்கே இருந்தது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில வீடுகளில் இருந்தது. கடை மீன்களின் நிறத்தில் மயங்காமல், காட்டிலிருந்து வந்த மங்கலான சிறு மீன்களை விரும்பி வளர்க்கும் ஆர்வலர் கூட்டம் ஒன்று அந்நாடுகளில் உண்டு. இவர்கள் அறிவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். வேலை முடிந்து வீடு திரும்பி, இரவில் தொட்டிக்கு நீர் மாற்றுகிறவர்கள். எனினும் இரண்டு விதிகளை இறுகப் பற்றியிருந்தார்கள். ஒன்று, எந்த ஊற்றில் பிடித்த மீன் என்ற குறிப்பைத் தொட்டியிலிருந்து பிரிக்கக்கூடாது. நண்பருக்குக் குஞ்சு கொடுத்தாலும் குறிப்பும் உடன் செல்ல வேண்டும். மற்றொன்று, வேற்றூர் மீனோடு கலக்கக்கூடாது. அழகானதை மட்டும் பொறுக்கி வளர்க்கவும் கூடாது. கேட்பதற்கு எளிய விதிகள். பத்தாண்டு, இருபதாண்டு கடைப்பிடித்துப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

மெக்சிகோவின் மொரேலியா நகரில் மிச்சோகான் பல்கலைக்கழகம் உள்ளது. அதே 1998-ஆம் ஆண்டு ஐவன் டிபில் என்னும் ஆங்கிலேய மீன் வளர்ப்பாளர் அப்பல்கலைக்கழகத்துக்கு ஐந்து இணை தெக்கீலா மீன்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ஐந்து ஆண், ஐந்து பெண். ஒரு பால் டின்னுக்குள் அடங்கிவிடும்! ஓர் இனத்தின் வீடுதிரும்பல் அவ்வளவில்தான் தொடங்கிற்று. இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சியகம் இப்பணிக்குத் துணைநின்றது.

மீன் பெருகிய உடனே ஆற்றில் கொட்டிவிட்டார்கள் என்று எண்ணவேண்டா. இங்கேதான் நாம் நிதானித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. தொட்டியில் பல தலைமுறை வளர்ந்த மீனுக்குக் கொக்கு தெரியாது, பாம்பு தெரியாது, ஒட்டுண்ணி தெரியாது, இரை கிடைக்காத நாளும் தெரியாது. வேளாவேளைக்கு மேலிருந்து ஒரு கை உணவு தூவும் என்பதொன்றே அதற்குத் தெரிந்த உலகம். ஆகவே 2012-இல் ஆண் 40, பெண் 40 என 80 மீன்களைப் பல்கலைக்கழகத்தின் செயற்கைக் குளங்களில் விட்டார்கள். பறவையும் ஆமையும் பாம்பும் வந்து போகும் குளங்கள் அவை. நான்கு ஆண்டுகளில் அம்மீன்கள் ஏறத்தாழ 10,000 ஆகப் பெருகின. அதே வேளையில் ஆற்று நீரின் தன்மை, அதிலுள்ள இரை, பகை, நோய் யாவும் ஆராயப்பட்டன. 2017-இல் 1,500 மீன்கள் தெவுச்சித்லான் ஆற்றில் விடப்பட்டன. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அறிவிப்பின்படி அவற்றின் தொகை 55 விழுக்காடு கூடியிருந்தது. விடப்பட்ட இடத்தைத் தாண்டிப் புதிய பகுதிக்கும் மீன்கள் பரவியிருந்தன. அடுத்த ஆண்டு நவம்பரில், அதே ஆற்றில் அழிந்துபோயிருந்த பொன்னிற ஸ்கிஃபியா என்னும் மற்றொரு கூடெயிட் மீனும் திரும்ப விடப்பட்டது. இறந்தோரை நினைவுகூரும் மெக்சிகோ மக்களின் திருநாளை ஒட்டி அதனைச் செய்தார்கள். இதைப் படித்தபோது என் உடல் சிலிர்த்தது.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் தனிச் செய்தி ஒன்றுண்டு. ஆற்றில் மீனை விடுமுன் அவ்வூர்ப் பிள்ளைகளிடம் சென்றார்கள். பொம்மலாட்டம் நடத்தினார்கள், விளையாட்டுகள் வழி ஆற்றைப் பற்றிக் கற்பித்தார்கள். பிள்ளைகள் 'ஆற்றுக் காவலர்' குழு அமைத்துக் கரையில் குப்பை பொறுக்கினார்கள். வாயில் நுழையாத அறிவியல் பெயரைச் சுருக்கி, 'சூகி' என்று செல்லப்பெயரும் வந்துவிட்டது. செல்லப்பெயர் வந்த மீனை எந்தப் பிள்ளையும் கல்லெறிந்து கொல்லாது என்பது என் இருபதாண்டுப் பட்டறிவு.

மெக்சிகோவும் அதன் அண்டைப் பகுதியும் உலகுக்குத் தந்த குட்டி ஈனும் மீன்களுள் இதற்கு நேரெதிரான வரலாறு உடையதும் ஒன்றுண்டு. தமிழர் பலரும் அறிந்த மீன் அது: கம்பூசியா. கொசுமீன் என்பார்கள். அதை உலகம் ஏன் தேடியது என்பதற்கு நம் மலாக்காவிலிருந்தே தொடங்கலாம்.

1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அது என்பர். அதன் பின் இத்தீபகற்பமெங்கும் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். காட்டை வெட்டியதால் மலையடி ஓடைகளில் வெயில் பட்டது. வெயில் பட்ட தெளிந்த நீரில் மலேரியாவைப் பரப்பும் ஒருவகைக் கொசு செழித்தது. லயத்துக்கு லயம் காய்ச்சல். வந்த ஆண்டிலேயே மாண்டவர் எண்ணிறந்தோர். 1901-இல் கிள்ளானில் பணி தொடங்கிய மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்தும், பின்னாளில் ஓடைகளை நிலத்தடிக் குழாயில் செலுத்தியும், எண்ணெய் தெளித்தும் போராடினார். அக்காலத்தில் உலகமெங்கும் மலேரியாவுக்கு மாற்று தேடினார்கள். கொசுப்புழுவைத் தின்னும் மீன் என்றால் யார்தான் வேண்டா என்பார்?

டெக்சஸ் முதல் வட மெக்சிகோ வரை வாழ்ந்த கம்பூசியா, 1905-இல் ஏறத்தாழ 150 மீன்களாக ஹவாய்க்குக் கப்பலேறியது. பின் பிலிப்பீன்சு, இசுபெயின், இத்தாலி. இத்தாலியிலிருந்து 1928-இல் இந்தியா. பின்னர்த் தமிழகத்திலும் கிணறுகளிலும் குளங்களிலும் நகராட்சிகள் இதனை விட்டன. சென்னைக் கிணறுகளில் கம்பூசியா விடும் வழக்கம் நெடுநாள் தொடர்ந்தது. காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த காலத்தில் செய்த செயலை இன்று நாற்காலியில் அமர்ந்து நான் குறைகூற மாட்டேன். ஆயினும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். இம்மீன் கொசுப்புழுவோடு நிற்கவில்லை. தவளைக் குஞ்சுகளையும் பிற மீன்களின் முட்டைகளையும் தின்றது. தன்னைவிடப் பெரிய மீன்களின் துடுப்புகளைக் கடித்துக் குதறியது. 1980-களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனம் இதனைப் பரிந்துரைப்பதை விட்டது. உலகின் மிகத் தீய 100 அயல் உயிரினங்கள் என்று அறிஞர்கள் தொகுத்த பட்டியலிலும் இது இடம்பெற்றது.

கொசுப்புழு தின்ன அயல்நாட்டு மீன்தான் வேண்டும் என்பதும் இல்லை. நம் ஓடைகளில் 'ஈக்கான் கெப்பாலா தீமா' என்று மலாய்க்காரர் அழைக்கும் சிறு மீன் இருக்கிறது. தலைமேல் ஈயப்பொட்டு வைத்தாற்போல ஒரு வெண்புள்ளி மின்னும். நீர்மட்டத்திலேயே உலவி, கொசுப்புழுவை விழுங்கும். தமிழகத்திலும் இதன் உறவினங்கள் உள. கம்பூசியாவுக்கு விளம்பரம் கிடைத்தது. இதற்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே.

கப்பியும் இதற்கு விலக்கன்று. வட தென்னமெரிக்காவிலும் டிரினிடாட் தீவிலும் பிறந்த கப்பி மெக்சிகோ மேட்டுநிலத்துக்கும் கொண்டு செல்லப்பட்டது. அங்கே கப்பி ஆண்மீன்கள் தம் இனத்துப் பெண் இருக்கும்போதும் ஸ்கிஃபியா பெண்மீன்களை ஓயாமல் துரத்தித் தொல்லை தருவதாக 2008-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அருகிவரும் மீனுக்கு இப்படியும் ஒரு துன்பம்! அதே கப்பிதான் செர்காமில் நம் வீட்டுக் கால்வாயில் நீந்துகிறது. கால்வாய்க்கு அது எப்படி வந்தது? யாரோ தொட்டியைக் காலிசெய்தார்கள் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போது வகுப்பறைத் தொட்டிகளை யார் பார்ப்பது என்ற கேள்வி எல்லாப் பள்ளிகளிலும் எழும். சென்ற முறை ஒரு தந்தையார், "ஏன் டீச்சர் கஷ்டப்படுறீங்க? ஓடையில விட்டுடலாமே, புண்ணியமாப் போகும்" என்றார். நல்ல மனத்தோடு சொன்னார். நான் அவருக்குத் தெவுச்சித்லான் கதையைச் சொன்னேன். 1,500 மீனை ஆற்றில் விட அம்மக்கள் ஏறத்தாழ இருபது ஆண்டு உழைத்தார்கள். அதுவும் அந்த ஆற்றுக்கே உரிய மீனை. நம் தொட்டியில் இருப்பதோ எந்த ஆற்றுக்கும் உரியதல்லாத சிவப்பு வாள்வால். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நானே வீட்டுக்குக் கொண்டு போறேன் டீச்சர்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டார். இப்போது அவர் வீட்டில் இரண்டு தொட்டிகள். மனைவியார் என்மீது சிறிது கோபமாக இருப்பதாகக் கேள்வி.

காலியான தொட்டியில் இவ்வாண்டு ஜூலோங்-ஜூலோங் வளர்க்கிறோம். பலருக்கும் தெரியாத செய்தி: நம் நாட்டு ஓடைகளுக்கே உரிய இச்சிறு மீனும் குட்டி ஈனும் மீன்தான்! மேல்தாடை குட்டையாகவும் கீழ்த்தாடை ஊசிபோல் நீண்டும் இருக்கும். நீர்மட்டத்தை விட்டு இறங்காது; எறும்பு விழுந்தால் உடனே கவ்வும். துள்ளிக் குதிக்கும் இயல்புடையதால் தொட்டிக்கு மூடி கட்டாயம். ஆண்கள் ஒன்றோடொன்று தாடை கோத்துச் சண்டையிடும் என்பதால் ஓர் ஆணும் மூன்று பெண்ணும் மட்டுமே வைத்துள்ளோம். கடையில் வாங்கிய மீன் எதனையும் அத்தொட்டியில் சேர்ப்பதில்லை. தொட்டி நீரை ஓடையில் ஊற்றுவதும் இல்லை, பூச்செடிக்கே ஊற்றுகிறோம். தொட்டியின் பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி, எந்த ஓடை, எந்தப் பாலத்துக்கு அருகில், எந்த நாள், எத்தனை மீன், பிடித்தவர் யார் என்று மாணவர்களே எழுதியிருக்கிறார்கள். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி அதன்கீழ்த் தன் கையெழுத்தில் 'வேறு மீன் போடாதீர்' என்றும் சேர்த்திருக்கிறாள். எழுத்துப்பிழை ஏதும் இல்லை.

மலாக்கா மாநிலத்தின் பிற பள்ளிகளிலும் ஜூலோங்-ஜூலோங்கோ கெப்பாலா தீமாவோ அருகிலுள்ள ஓடைகளில் தென்பட்டால், இடத்தையும் நாளையும் குறித்து எனக்கு எழுதுங்கள். பிடிக்காமல் பார்த்துக் குறித்தாலே போதும். ஜாசின் வட்டாரத்துக்கு ஒரு வரைபடம் தொடங்கியிருக்கிறோம். இதுவரை நான்கு ஓடைகள் அதில் உள.